சத்தம் போடாதே!

‘சத்தம் போடாதே!’ நம் நாட்டுக் குழந்தை பால்மணம் மாறுமுன் கேட்கும் கட்டளைகளிலே முதற் கட்டளை இதுதான். வீட்டிலே விருந்தினர் வந்தால், சத்தம் போடாதே! கோயிலிலே பூசை நடந்தால், சத்தம் போடாதே! பள்ளியிலே ஆசிரியர் நுழைந்தால், கையைக் கட்டு, வாயைப் பொத்து! வளர்ந்து ஆளாகி ஆலைக்குச் சென்றாலோ, மேற்பார்வையாளர் முன்னிலையில் மூச்சு விடாதே! இந்தக் கட்டளைக்கு இடமில்லாத இடம் ஒன்றேனும் நாட்டிலே வேண்டாமா? அந்த இடம் நாடகக் கொட்டகையாக இருக்க வேண்டும் என்பது என் வாதம். அதைச் சொல்லும் தகுதி உனக்கு உண்டா என்று கேட்பீர்களானால், இல்லை என்பதே என் விடை. தகுதியை இழந்த கதையை முதலிலே கூறிவிட்டு வாதத்துக்கு வருகிறேன்.

திருப்பூரிலே நான் பணியாற்றும் பள்ளியில் ஆண்டு விழா. நாடகம் ஒன்றை நானே எழுதி, ஏழாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு நடத்தினேன். கதை புதிதல்ல. செய்யாத குற்றத்துக்காக உழவன் ஒருவன் அரண்மனைக்கு இழுத்து வரப்படுகிறான். ஆராயாது தீர்ப்பளிக்கிறான் அரசன். சவுக்கை ஓங்குகிறான் சேவகன். அநீதியைக் கண்டால் ‘ஏன்?’ என்று கேட்க வேண்டும் என்பது நாடகம் புகட்டும் பாடம். பகுத்தறிவு நாடகம் எழுதிவிட்டோம் என்ற பெருமிதத்தோடு திரையோரம் நின்றிருந்தேன்.

முன்வரிசையில் ஒரு தாய். பனியன் கம்பெனியிலே ஓவர்லாக் தைப்பவர். அரை ஷிப்ட் கூலியை விட்டுக்கொடுத்து, தம் ஒன்பது வயது மகனை அழைத்து வந்திருந்தார். அச்சிறுவனுக்கு ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. கைகளை அசைத்துக்கொண்டே இருப்பான். ஓரிடத்தில் நெடுநேரம் அமரமாட்டான். மேடையிலே சவுக்கு ஓங்கப்பட்டது. அவன் எழுந்து நின்றான். அவை முழுதும் அதிர, ‘அடிக்காதே! அடிக்காதே!’ என்று அலறினான்.

முந்நூறு பேர் கூடிய அந்த அவையிலே அநீதியைக் கண்டு வாய் திறந்தவன் அவன் ஒருவன்தான். மற்றப் பிள்ளைகள் நான் பழக்கியபடியே கைகட்டி அமர்ந்திருந்தனர். நான் என்ன செய்தேன் தெரியுமா? திரையோரத்திலிருந்து விரைந்து சென்று, ‘சத்தம் போடாதே!’ என்றேன். தாயை நோக்கி, ‘கொஞ்சம் வெளியே அழைத்துப் போங்களம்மா’ என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. ‘பரவால்லீங்க சார், எங்க போனாலும் இப்புடித்தானுங்க’ என்று கூறிவிட்டு, மகனை இழுத்து அணைத்தவாறு வெளியேறினார். நாடகம் தொடர்ந்தது. இறுதியில் பலத்த கரவொலி. அநீதியை எதிர்க்கச் சொன்ன நாடகத்துக்குக் கரவொலி! அநீதியை எதிர்த்த சிறுவனுக்கோ கதவடைப்பு!

அந்தக் கரவொலி அன்றிரவு என்னை உறங்கவிடவில்லை. ‘எங்கே போனாலும் இப்படித்தான்’ என்ற சொற்கள் ஒரு குற்றப் பத்திரிகையாக என் முன் நின்றன. குற்றவாளி நான் ஒருவன் மட்டுமல்லன் என்பதாலேயே இதை எழுதுகிறேன்.

* * *

நாடகம் பார்ப்பவர் வாய்மூடி இருக்க வேண்டும் என்பது யார் வகுத்த விதி? ‘மரபு’ என்பார்கள். மரபு என்றதும் மண்டியிடும் வழக்கம் நம்மிடம் இல்லை. அது எந்த ஊர் மரபு, எத்தனை வயது மரபு என்று கேட்போம்.

நம் தெருக்கூத்தைப் பாருங்கள். இரவெல்லாம் நடக்கும் அந்த ஆட்டத்திலே குழந்தை அழும். பாட்டி வெற்றிலை இடிப்பாள். பசித்தவன் எழுந்து போவான். உறங்கியவன் விழித்துக் கதையைத் தொடர்வான். கட்டியங்காரன் கூட்டத்தை நோக்கிக் கேள்வி வீசுவான். கூட்டத்திலிருந்து விடை வரும். அந்த விடையை வைத்தே அவன் அடுத்த நையாண்டியைக் கட்டுவான். அரசனையே கிண்டல் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. அவனைக் கிண்டல் செய்யும் உரிமை கூட்டத்துக்கு உண்டு. ஊமையாய் உட்கார்ந்திருக்கும் அவை நம் கூத்து அறியாத ஒன்று.

ஊமை அவை பிறந்தது ஐரோப்பாவிலே, அதுவும் அண்மைக் காலத்திலே. 1876-ஆம் ஆண்டு செர்மனியின் பைராய்ட் நகரிலே இசை நாடக ஆசிரியர் வாக்னர் தம் அரங்கைத் திறந்தார். பார்வையாளர் பகுதியின் விளக்குகளை அணைத்து, அனைவர் கண்களும் மேடையை மட்டுமே நோக்குமாறு செய்தார். அதற்கு முன்னர் ஐரோப்பிய அரங்குகளிலும் விளக்கு எரிந்தது, பேச்சும் நடந்தது. இருட்டிலே அசையாது அமர்வதே நாகரிகம் என்ற எண்ணம் மெல்ல மெல்ல உலகெங்கும் பரவிற்று. ‘நெடுநாள் மரபு’ என்று நாம் போற்றுவதன் வயது நூற்றைம்பது ஆண்டுதான்!

அதே 1876-ஆம் ஆண்டிலே இந்தியாவில் வேறொன்றும் நடந்தது. வெள்ளை அரசு நாடக நிகழ்ச்சிச் சட்டத்தை இயற்றியது. அரசுக்குப் பிடிக்காத நாடகத்தைத் தடை செய்யும் சட்டம் அது. அங்கே பார்ப்பவனின் வாய் கட்டப்பட்டது. இங்கே நடிப்பவனின் வாய் கட்டப்பட்டது. வெள்ளையன் வெளியேறிய பிறகும் அந்தப் புத்தி போகவில்லை. 1954-இல் சென்னை மாநிலத்திலே புதிய நாடகச் சட்டம் வந்தது. அவையினரோடு நேருக்கு நேர் பேசி, சிரிக்க வைத்தே சிந்திக்க வைத்த எம்.ஆர். இராதாவின் நாடகங்களை மனத்திற்கொண்டே அது வந்தது என்பது நாடறிந்த செய்தி. நாடகக்காரர் ஞாநி தொடுத்த வழக்கிலே, 2013-இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அச்சட்டத்தின் முதன்மையான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது.

நடிப்பவன் வாய்க்கட்டை அவிழ்க்க நம்மவர் போராடினர். பார்ப்பவன் வாய்க்கட்டை அவிழ்க்க யார் போராடினோம்? அதிலும், பார்க்கும் குழந்தையின் வாய்க்கட்டை?

* * *

குழந்தைக்கும் தமிழ் நாடகத்துக்கும் தொடர்பே இல்லையென்று சொல்வதற்கில்லை. தொடர்பு உண்டு, ஆனால் எத்தகைய தொடர்பு? சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) காலத்திலே பாலர் நாடகக் குழுக்கள் பெருகின. 1918-இல் அவர் மதுரையிலே அமைத்த குழுவிலே ஆறு வயதுச் சிறுவனாகச் சேர்ந்தவர்தாம் பின்னாளில் ‘ஔவை’ சண்முகம் எனப் புகழ்பெற்ற டி.கே. சண்முகம். எம்.ஆர். இராதாவும் எம்.ஜி.ஆரும் சிறுவர்களாகக் குழுக்களிலே சேர்ந்து வளர்ந்தவர்களே. அக்குழுக்கள் தந்த கலைச் செல்வத்தை மறுப்பது நன்றி கொன்ற செயலாகும். ஆயினும் ஒன்றை மறைக்கலாகாது. பாலர்கள் நடித்தார்கள், பெரியவர்கள் பார்த்தார்கள். குடும்பத்தைப் பிரிந்து, பள்ளியைத் துறந்து, இரவெல்லாம் விழித்து உழைத்தது குழந்தை, களித்தது மற்றவர். குழந்தை உழைப்பதற்கு மேடை இருந்தது, குழந்தை மகிழ்வதற்கு மேடை இல்லை.

திருப்பூர்க்காரனுக்கு இதை விளக்கிச் சொல்லவும் வேண்டுமா? துணி மடிக்க, பிசிர் வெட்ட, எடுபிடி வேலை பார்க்க என்று பச்சிளம் பிள்ளைகள் பனியன் கம்பெனிகளுக்குள் நடந்த காலத்தை நம் பெற்றோர் கண்டிருக்கின்றனர். 1986-இல் சட்டம் வந்தது. 2016-இல் அது திருத்தப்பட்டது. சட்டத்தோடு போராட்டமும் விழிப்பும் சேர்ந்தன. நிலைமை பெரிதும் மாறியது. குழந்தையை வேலையிலிருந்து விடுவித்தோம், நல்லது. விடுவித்த குழந்தைக்கு எதைக் கொடுத்தோம்? பாடப் புத்தகத்தைக் கொடுத்தோம். அதற்கு மேலே கைபேசியைக் கொடுத்தோம். கூடிச் சிரிக்க, கூடி வியக்க, தாயோடும் தந்தையோடும் பாட்டியோடும் அமர்ந்து ஒரு கதைக்குள் புகுந்து வர ஓர் அரங்கைக் கொடுத்தோமா? உலகக் குழந்தைகளுக்குச் சட்டை தைத்து அனுப்பும் ஊர் இது. கரடிப் பொம்மையும் முயற்குட்டியும் அச்சிட்ட ஆடைகள் கப்பலேறுகின்றன. தைத்தவர் வீட்டுக் குழந்தையோ கதவைச் சாத்திய அறையிலே கைபேசி வெளிச்சத்தில் அமர்ந்திருக்கிறது.

உடலிலோ அறிவிலோ மாறுபட்ட குழந்தையின் நிலை இன்னும் கொடிது. மேடை அவர்களை முற்றிலும் மறந்துவிட்டது என்று கூற முடியாது. நினைத்தது, எப்படி நினைத்தது? சூழ்ச்சிக்காரி வேண்டுமா, கூன் போட்டுக் கூனியாக்கு! வஞ்சகன் வேண்டுமா, காலை நொண்ட வைத்துச் சகுனியாக்கு! சிரிப்பு வேண்டுமா, திக்குவாயனைக் கொண்டு வா, செவிடனைக் கொண்டு வா! இதிகாச மேடை காட்டிய வழியையே சிரிப்பு நாடகமும் பின்பற்றியது, திரைப்படமும் பின்பற்றியது. மேடைமீது கேலிப் பொருளாக ஏற்றினார்கள். மேடைக்கு எதிரே இருக்கை போட்டு, ‘வருக, அமர்க’ என்று அழைக்கவில்லை.

இந்தப் புறக்கணிப்புக்குப் பின்னே ஒரு தத்துவம் நின்று காவல் காக்கிறது. ‘முன்வினைப் பயன்’ என்பது அதன் பெயர். சாதிக்குச் சொன்ன அதே சமாதானத்தையே ஊனத்துக்கும் சொன்னார்கள். தாழ்த்தப்பட்டவனிடம், ‘போன பிறவியில் செய்த பாவம்’ என்றனர். கால் நடவாத குழந்தையின் தாயிடமும், ‘போன பிறவியில் செய்த பாவம்’ என்றனர். பாவத்தை மறைத்து வைப்பதுதானே முறை? ஆகவே குழந்தை வீட்டின் உள்ளறைக்குப் போயிற்று. படிகளுக்கருகே சாய்தளம் இல்லாமற்போனதற்குச் சிமென்டுப் பற்றாக்குறை காரணமல்ல, தோழர்களே! அந்தக் குழந்தை வெளியே வரும் என்ற எண்ணமே கட்டியவன் மனத்தில் எழவில்லை, அதுதான் காரணம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறன் உடையோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 80 ஆயிரம் பேர். இத்தனை பேர் இருக்கும் நாட்டிலே, நாம் சென்ற கொட்டகைகளில் அவர்களில் எத்தனை பேரைக் கண்டோம்?

2010-இல் கலைஞர் ஆட்சியிலே ‘ஊனமுற்றோர்’ என்ற சொல் நீங்கி ‘மாற்றுத்திறனாளிகள்’ என்ற சொல் வந்தது. நல்ல சொல், நயமான சொல், தன்மானம் காக்கும் சொல். ஆனால் சொல்லை மாற்றிய நாம் வாசலை மாற்றினோமா?

வாசல் என்பது சிறிய செய்தியல்ல. 2023 மார்ச்சு 30 அன்று சென்னையிலே ஒரு திரையரங்கு வாசலில் நரிக்குறவர் குடும்பம் ஒன்று நிறுத்தப்பட்டது. கையிலே சீட்டு இருந்தது. உடன் குழந்தைகள் இருந்தனர். உள்ளே விட மறுத்த காட்சி படமாகி நாடெங்கும் பரவி, கண்டனம் எழுந்த பிறகு சமாதானங்கள் கூறப்பட்டன. காசு கொடுத்தால் கதவு திறக்கும் என்பதும் பொய் என்று அன்று தெரிந்தது. கதவைத் திறப்பது காசன்று. காவல் நிற்பவன் மனம். என் பள்ளியின் கதவருகே அன்று காவல் நின்றவன் நான்.

* * *

‘குழந்தைகள் பங்கேற்கும் நாடகம் வேண்டும் என்கிறாய், ஒப்புகிறோம். மேடையிலிருந்து கோமாளி கேட்பான், பிள்ளைகள் ஆமாம் ஆமாம் என்பார்கள், அதுதானே?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். அதுவன்று. பங்கேற்பு என்ற பெயரிலே இரண்டு போலிகள் உலவுகின்றன. அவற்றை இனங்காண வேண்டும்.

முதல் போலி, மதிமயக்கம். நம் கொங்கு நாட்டிலே அண்ணமார் கதை உடுக்கை ஒலியோடு பாடப்படும்போது, படுகளக் காட்சியிலே பார்த்திருந்தவர்கள் வீழ்ந்து கிடப்பதும், பின்னர் உயிர் பெற்று எழுவதும் உண்டு. பார்ப்பவரைக் கதைக்குள்ளே கொண்டுவந்துவிடும் ஆற்றல் அக்கலைக்கு இருக்கிறது. அந்த ஆற்றலை நான் இகழவில்லை. ஆனால் அங்கே மனிதன் தன்னை மறந்து பங்கேற்கிறான். நமக்கு வேண்டியது தன்னை உணர்ந்து பங்கேற்பது. இரண்டாவது போலி, ஏவலுக்குக் கீழ்ப்படிதல். ‘எல்லாரும் கைதட்டுங்கள்! எல்லாரும் எழுந்திருங்கள்! இன்னும் சத்தமாக!’ என்பது பங்கேற்பா? அது உடற்பயிற்சி வகுப்பு. கைதட்ட விரும்பாத குழந்தைக்குக் கைதட்டாதிருக்கும் உரிமை உண்டா என்பதே உரைகல். ‘மாட்டேன்’ என்று சொல்ல இடமில்லாத இடத்திலே ‘ஆம்’ என்பதற்குப் பொருளே கிடையாது.

உண்மைப் பங்கேற்புக்கு எடுத்துக்காட்டுகள் இல்லாமலில்லை. பிரேசில் நாட்டு நாடக அறிஞர் அகஸ்டோ போவால், ஒடுக்கப்பட்டோர் அரங்கு என்ற ஒன்றை உருவாக்கினார். மேடையிலே ஒடுக்குமுறை ஒன்று நடித்துக் காட்டப்படும். பார்ப்பவர் எவரும் ‘நிறுத்து!’ என்று கூறலாம்; கூறியவர் மேடையேறி, ஒடுக்கப்பட்டவன் இடத்தில் நின்று, கதையை வேறுவிதமாக நடத்திப் பார்க்கலாம். மேற்கு வங்கத்தில் 1985 முதல் இயங்கிவரும் ‘ஜன சன்ஸ்கிருதி’ குழு இம்முறையைச் சிற்றூர் மக்களிடம் கொண்டு சென்றது. என் பள்ளியிலே அன்று அச்சிறுவன் செய்தது வேறென்ன? ‘அடிக்காதே!’ என்றான். உலகின் பேரறிஞர் ஒருவர் ஆராய்ந்து கண்ட முறையை, ஒன்பது வயதுச் சிறுவன் இயல்பாகவே செய்து காட்டினான். நாடகத்தை நிறுத்தி, ‘வா தம்பி, சேவகன் கையைப் பிடி’ என்று நான் அழைத்திருக்க வேண்டும்.

நம்மிடையேயும் இவ்வழியில் உழைப்பவர்கள் உண்டு. புதுச்சேரியிலே வேலு சரவணன் ‘ஆழி’ என்ற குழுவை அமைத்து, ‘கடல் பூதம்’ போன்ற சிறுவர் நாடகங்களைப் பள்ளிதோறும் ஊர்தோறும் கொண்டு சென்றார். கோமாளியாக வந்து குழந்தைகளோடு உரையாடி, அவர்கள் கூச்சலையே நாடகத்தின் உரையாடலாக்கிக்கொள்ளும் கலை அவருடையது. அங்கே ‘சத்தம் போடாதே’ என்ற சொல்லுக்கு வேலை இல்லை. ஆனால் ஒரு வேலு சரவணன் எத்தனை ஊருக்குப் போவார்?

* * *

இனி, எதிர்வாதத்துக்கு வருகிறேன். அது எளிதானதன்று, எளிதாகத் தள்ளிவிடவும் மாட்டேன்.

‘ஒரு குழந்தை கத்துகிறது; இருநூறு பேர் வசனத்தைக் கேட்க முடியவில்லை. அவர்களும் காசு கொடுத்தவர்கள். வாரமெல்லாம் உழைத்துச் சலித்து வந்தவர்கள். ஒருவன் உரிமைக்காக இருநூறு பேர் உரிமையைப் பறிப்பதா?’ என்பது அந்த வாதம்.

இரு இழப்புகளையும் தராசிலே வைத்துப் பார்ப்போம். இருநூறு பேர் இழப்பது இரண்டு வரி வசனம். அந்தக் குழந்தை இழப்பது அரங்கையே. இன்று மட்டுமன்று, என்றைக்கும். அதனோடு தாயும் இழக்கிறாள், தங்கையும் இழக்கிறாள். குடும்பமே வீட்டுக்குள் அடைபடுகிறது. சிலருக்கு வரும் சிறு இடையூறும் ஒருவருக்கு வரும் முழு விலக்கும் ஒரே எடை ஆகா. எண்ணிக்கையைக் காட்டி விலக்குவதை நியாயமாக்கலாம் என்றால், சாதி விலக்கையும் அப்படியே நியாயமாக்கலாமே! ‘அவன் வந்தால் நாலுபேர் வரமாட்டார்கள்’ என்றுதானே உணவு விடுதிக்காரரும் அன்று சொன்னார்?

‘சரி, அப்படியானால் அவர்களுக்கென்று தனிக் காட்சி நடத்திவிடுவோம்’ என்கிறார்கள். மேலை நாடுகளிலே இம்முறை உண்டு. 2011 அக்டோபரிலே நியூயார்க்கிலே ‘சிங்க அரசன்’ இசை நாடகத்தை ஆட்டிசம் உள்ளவர்களுக்கு ஏற்றவாறு ஒலியையும் ஒளியையும் தணித்து நடத்தினர். இலண்டனிலே 1981-இல் தோன்றிய ‘ஆயிலி கார்ட்’ என்ற குழு, கடுமையான குறைபாடுகள் உள்ள குழந்தைகளுக்கென்றே, தொட்டும் முகர்ந்தும் நீரில் மிதந்தும் உணரத்தக்க நாடகங்களைப் படைத்தது. போற்றத்தக்க பணிகள்! ஆயினும் ‘தனிக் காட்சி’ என்ற சொல்லைக் கேட்டதும், பெரியார் மண்ணிலே பிறந்தவனுக்கு ஓர் அச்சம் எழ வேண்டும். தனிக் குவளை, தனிப் பந்தி, தனிச் சுடுகாடு என்ற வரிசையிலே தனிக் காட்சியும் ஒன்றாகிவிடுமோ? நல்லெண்ணத்தோடு வைத்த இரண்டாவது குவளையும் இரண்டாவது குவளைதானே?

நெடுநாள் இக்கேள்வியோடு போராடினேன். இறுதியில் எனக்குத் தெளிந்தது இது. தனித்தன்மையான தேவையும் தனிமைப்படுத்தலும் வேறு வேறு. காது கேளாதவருக்குச் சைகை மொழி தேவை. அதைத் தருவது விலக்கன்று. கடும் ஒலியைத் தாங்காத குழந்தைக்குத் தணிந்த ஒலி தேவை. அதைத் தருவதும் விலக்கன்று. அந்தக் காட்சிக்கு வருபவர் யார் என்பதிலேதான் வேறுபாடு பிறக்கிறது. ‘இது அவர்களுக்கு; மற்றது நமக்கு’ என்று பிரித்தால், அது இரண்டாவது குவளை. ‘இக்காட்சியிலே விதிகள் தளர்த்தப்பட்டுள்ளன, எல்லாரும் வாருங்கள்’ என்று அழைத்தால், அது சமபந்தி. சமபந்தியிலே உணவு மட்டுமா பரிமாறப்பட்டது? அருகருகே அமரும் பழக்கம் பரிமாறப்பட்டது. பக்கத்திலிருப்பவன் கையை அசைக்கிறான், கூவுகிறான், எழுந்து நடக்கிறான். அவனும் நம்மைப் போலவே இக்கதையை விரும்புகிறான் என்பதை ஏழு வயதுக் குழந்தை நேரிலே கண்டு வளர்ந்தால், எழுபது வயதிலே அது எவரையும் வாசலில் நிறுத்தாது. ஆகவே இந்த அரங்கு மாறுபட்ட குழந்தைக்கு மட்டும் நன்மை செய்வதன்று. மாறுபாட்டைக் காணாமலே வளரும் குழந்தையின் குருட்டுத்தனத்துக்கும் அது மருத்துவம்.

இதை இரக்கம் என்று எவரேனும் சொன்னால் மறுத்துவிடுங்கள். இரக்கம் கொடுப்பவன் விருப்பம்; உரிமை பெறுபவன் சொத்து. 1989-ஆம் ஆண்டுக் குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31-ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலை வாழ்விலே பங்கும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்கிறது. 1992-இல் இந்தியா அதை ஏற்றது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு, கலையிலும் பண்பாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சமவாய்ப்பு வழங்கும் கடமையை அரசின் தலைமேல் வைத்திருக்கிறது. சட்டம் ஏட்டிலே இருக்கிறது. அதை மேடைக்குக் கொண்டுவர வேண்டியவர்கள் நாம்.

* * *

‘இதற்கெல்லாம் பணம்?’ என்பது அடுத்த கேள்வி. என்னென்ன வேண்டும் என்று கணக்கிடுவோம். அரங்கை முற்றும் இருட்டாக்க வேண்டாம். மின்கட்டணத்தைத் தவிர அதற்குச் செலவில்லை. பறையும் ஒலிபெருக்கியும் திடுக்கிடச் செய்யும் இடங்களிலே ஒலியைத் தணிக்க வேண்டும், செலவில்லை. நாடகம் தொடங்குமுன் கதையைச் சுருக்கிச் சொல்லி, முகமூடியைக் கழற்றியும் மாட்டியும் காட்டிவிட்டால் அஞ்சும் குழந்தை அஞ்சாது; செலவில்லை. பார்வையற்ற குழந்தைகள் முன்னதாகவே வந்து அரசனின் கிரீடத்தையும் உழவனின் கலப்பையையும் தொட்டுப் பார்க்கட்டும், செலவில்லை. படியருகே சாய்பலகை ஒன்று. முன்வரிசையில் சக்கர நாற்காலிக்கு இடம். களைத்த குழந்தை ஒதுங்கிப் படுக்க மூலையிலே ஒரு பாய். எழுந்து போகவும் திரும்பி வரவும் தடையில்லை என்ற அறிவிப்பு. சைகை மொழி அறிந்தவர் ஒருவரை அழைத்து, வெளிச்சம் விழும் இடத்தில் நிறுத்தினால் அவருக்கு மதிப்பூதியம். இவ்வளவுதான். விழாவுக்கு வைக்கும் ஒரு வரவேற்பு வளைவுக்கு ஆகும் பணம் போதும்!

திருப்பூருக்கென்று தனியாகவும் சில செய்ய வேண்டும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துச் சனிக்கிழமை கூலி வாங்கி வரும் தாயை, மாலை ஆறு மணிக்கு நகர்நடுவே வா என்றால் எப்படி வருவாள்? நாடகம் ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர் குடியிருப்பின் தெருவிலே நடக்க வேண்டும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் சார்க்கண்டிலிருந்தும் வந்து நம்மோடு உழைக்கும் குடும்பங்களின் பிள்ளைகள் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றனர். தமிழறியாத அக்குழந்தைக்கும், செவி கேளாத தமிழ்க் குழந்தைக்கும் ஒரே நாடகம் புரிய வேண்டுமானால், சொல்லைக் குறைத்து உடலால் பேச வேண்டும். நம் கூத்துக்கு அது தெரியாத வித்தையா? தமிழை வாழ வைக்க விரும்புகிறவர்கள், தமிழை முதன்முதலில் சிரித்துக்கொண்டே கற்கும் வாய்ப்பை அப்பிள்ளைகளுக்குக் கொடுக்கட்டும்.

அண்டை ஊராகிய ஈரோட்டிலே 1944-இல் நாடகக்கலை மாநாடு கூடியது. அண்ணா அதிலே உரையாற்றினார். நாடகத்தைப் புராணப் பிடியிலிருந்து மீட்டு, மக்கள் மன்றமாக்கும் வேலையை அந்தத் தலைமுறை ஏற்றுக்கொண்டது. யாரைப் பற்றி நாடகம் என்ற கேள்விக்கு அவர்கள் விடை கண்டனர்: அரசனைப் பற்றியன்று, வேலைக்காரியைப் பற்றி! நம் தலைமுறையின் முன் நிற்கும் கேள்வி வேறு: நாடகம் யார் முன்னே? யார் உள்ளே, யார் வெளியே? மன்றங்களும் படிப்பகங்களும் வைத்திருக்கும் இளைஞர்கள் விடை சொல்ல வேண்டும்.

விழா முடிந்த மறுவாரம் ஞாயிறன்று அத்தாயின் வீட்டுக்குச் சென்றேன். ஒற்றை அறை. சிறுவன் சுவரோரம் அமர்ந்து, வெட்டுத் துணித் துண்டுகளை நிறம் நிறமாக அடுக்கிக்கொண்டிருந்தான். ‘அன்றைக்கு நான் செய்தது தவறம்மா, மன்னித்துவிடுங்கள்’ என்றேன். அவருக்கு அது விளங்கவே இல்லை. ஆசிரியர் மன்னிப்புக் கேட்டதை அவர் அதற்குமுன் கண்டிருக்கமாட்டார். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு கேட்டார்: ‘அதெல்லாம் எதுக்குங்க சார்? அடுத்த நாடகம் எப்போங்க? முன்னாடியே சொன்னீங்கன்னா கம்பெனில லீவு சொல்லீருவனுங்க.’

அவர் என்னிடம் கேட்டது ஆறுதலையன்று, தேதியை! நாள் குறித்துவிட்டேன். அந்த நாடகத்தை நான் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன். சவுக்கு ஓங்கும் இடத்திலே இப்போது வசனம் இல்லை, இடம் விட்டிருக்கிறேன். அந்த இடத்தை நிரப்ப வேண்டியவன் முன்வரிசையிலே இருப்பான். இம்முறை அவன் சத்தம் போடட்டும்!